உள்ளங்கையில் நிற்காத தண்ணீர்

மார்ச் 4

மழை. ஆய்வகத்தின் பின்வாசலில் எல்லாருடைய செருப்பும் நனைந்து கிடந்தது. வெறுங்காலுடன் உள்ளே போய், திட்டு வாங்கி, மறுபடி வெளியே வந்து ஈரச் செருப்பையே மாட்டிக்கொண்டேன்.

மூன்றாம் மேசைக்கு ஆள் வந்திருக்கிறார். ஆற்றங்கரையில் மூடிக்கிடந்த பதுங்குகுழியிலிருந்து. 'ஆள்' என்றுதான் சொல்லவேண்டும் என்பது பெரிய டாக்டரின் கட்டளை. "நம்ம வீட்டுக்கு யாராவது வந்தா, எலும்பு வந்திருக்குன்னா சொல்லுவோம்?" என்பார் அம்மையார். போர் முடிந்த பிறகு பிறந்தவள் நான். என் வேலை, போரிலிருந்து வீடு திரும்பாதவர்களின் மேல் ஒட்டிய மண்ணைத் தூரிகையால் தள்ளுவது.

மண்டையோடு நொறுங்கியிருக்கிறது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கைகள் இரண்டும் முழுதாக இருக்கின்றன. பெல்ட்டின் கொக்கி, பூட்ஸின் அடிப்பாகம், பல் போன ஒரு சீப்பு. பெயர்த் தகடு இல்லை.

படக்காரர் வழக்கம்போல, "சார், கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் படத்தை எடுத்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு எனக்குக் கோபம் வரும். இப்போது அவர் சொல்லாவிட்டால், வந்தவரை வாங்க என்று கேட்காமல் விட்டதுபோல இருக்கிறது.

மார்ச் 9

இடது முன்கையில் பழைய முறிவு. சின்ன வயதில் உடைந்து, யாரோ கட்டி, கோணலாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய டாக்டர் முன்கையின் இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடித்து மெல்லச் சுழற்றிக் காட்டினார். பாதியில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டன.

"பாத்தியா? இந்தப் பையனால இடது உள்ளங்கையை வானம் பாக்கத் திருப்பியிருக்கவே முடியாது."

"இந்தக் கையோட எப்படி ராணுவத்துல எடுத்தாங்க?"

"கடைசி வருஷம் யாரைத்தான் விட்டாங்க? ரெண்டு கால்ல நின்னா போதும், வண்டியில ஏறுன்னுட்டாங்க."

துப்பாக்கியை எப்படிப் பிடித்திருப்பார்?

பேருந்தில் என் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண், "வாட்ச் தொலைஞ்சிடுச்சா?" என்று இருக்கைக்கு அடியில் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் 18

மரபணு முடிவு வந்தது. அம்மா கிடைத்துவிட்டார். காணாமல் போன பிள்ளைகளுக்காக ரத்தம் கொடுத்து வைத்திருக்கும் தாய்மார்களில் ஒருவர். எல்லாரும் கைதட்டினோம். தட்டிய கை கீழே இறங்குவதற்குள் பெரிய டாக்டர் அடுத்த தாளைப் புரட்டிவிட்டார்.

அந்த அம்மாவுக்கு இரண்டு மகன்கள். ஒரே படைப்பிரிவு. ஒரே நாளில் காணாமல் போனவர்கள்.

தாய்வழி அடையாளம் இருவருக்கும் ஒன்றுதான். அதைவிட நுட்பமான சோதனைக்கு இந்த எலும்பு தாங்கவில்லை. ஆற்று ஈரம் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. இருவருக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். உயரம் ஏறக்குறைய ஒன்று. பெரியவருக்கு மணமாகியிருந்தது, குழந்தை இல்லை. ராணுவ மருத்துவமனையின் பதிவுகள் எரிந்துபோனது எல்லாருக்கும் தெரிந்த கதை.

ஆக, எங்களிடம் இருப்பது ஒரு கை.

குடும்பத்தாரிடம் நான்தான் பேசவேண்டுமாம். முதல் முறை. விதி ஒன்றே ஒன்று: நமக்குத் தெரிந்ததை நாம் சொல்லக் கூடாது, அவர்கள் வாயால் வரவேண்டும். "கை உடைஞ்சிருக்கான்னு கேட்டேன்னு வை, உடைஞ்சிருக்கும்பாங்க. கால்னு கேட்டா காலும்பாங்க. பொய் இல்ல. ஆசை" என்றார் பெரிய டாக்டர்.

மே 6

முதலில் தாய். எண்பதைத் தொட்டவர், குச்சி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மருமகளை வெளியே பெஞ்சில் இருக்கச் சொன்னேன். இருவரையும் தனித்தனியாகத்தான் கேட்கவேண்டும். ஒலிப்பதிவுக் கருவி, மின்விசிறி, ஒரு தண்ணீர்ச் சொம்பு, நாங்கள் இருவர்.

"பெரியவன் கோவக்காரன். சின்னவன் கோமாளி. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும், வெளியாள் ஒரு வார்த்தை சொன்னா ரெண்டும் சேர்ந்து அவனை முட்டும்."

தலையில் தொடங்கி வரிசையாகக் கேட்டேன். முடி, பல், நோய்நொடி. பிறகு, "உடம்புல எங்கயாவது அடிபட்டது, உடைஞ்சது உண்டா அம்மா? ரெண்டு பேர்ல யாருக்காவது?"

நெடுநேரம் அவர் பேசவில்லை. நினைவைத் தோண்டுகிறார் என்று காத்திருந்தேன்.

"பெரியவனுக்குத்தான். சுவர் மேல ஏறி விழுந்தான். இடது கை. முட்டிக்குக் கீழ."

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் வைத்துக்கொண்டேன். "அவன்தானே வந்திருக்கான்?" என்று கேட்டார். விதிப்படி, "முடிவானதும் சொல்லுவோம்" என்றேன்.

பிறகு மருமகள். ஐம்பது தாண்டியவர். பள்ளிப் பேருந்தில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலை. கணவரின் உடம்பில் அடிபட்ட தழும்பு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கல்யாணம் ஆகி ரெண்டு மாசம்கூட ஒண்ணா இருக்கல. அதுலயும் பாதி நாள் வெக்கம். கையையும் காலையுமா பாத்துட்டு இருந்தேன்?"

கிளம்பும்போது கதவருகே நின்று சொன்னார்: "எங்க பஸ் டிரைவர் ரொம்ப வருஷமா என்னைக் கேக்கறாரு. நல்ல மனுஷன். காகிதத்துல எங்க வீட்டுக்காரர் செத்து எவ்ளோ காலமாச்சு. எனக்குத்தான் இன்னும் சாகல. வந்தது அவர்தான்னு சொல்லிட்டீங்கன்னா, அழுது முடிச்சிட்டு நானும் எந்திரிச்சிடுவேன்."

மே 7

பதிவை எழுத்தாக்கிக் கொடுத்தேன். பெரிய டாக்டர் இரண்டு முறை படித்தார். "சுத்தமா இருக்கு. நீ கையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, அவங்களே சொல்லியிருக்காங்க. பெரியவர்தான். அறிக்கையை எழுது."

மூன்றாம் மேசையில் பெயர் அட்டை வைத்தேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

மே 9

தேநீர் வேளையில் படக்காரர்: "என்னம்மா, கைவலியா? அவர் மேசைக்கு வந்த நாள்லேர்ந்து புள்ளத்தாச்சி வயித்தைப் புடிக்கிற மாதிரி அந்தக் கையைப் புடிச்சிக்கிட்டே திரியிற."

குனிந்து பார்த்தேன். என் வலது கை, இடது முன்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. முட்டிக்குக் கீழே. சரியாக அந்த இடத்தில்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

அந்த அறையில்? அடிபட்டது உண்டா என்று கேட்டபோது என் கை எங்கே இருந்தது? கல்லாக வைத்துக்கொண்ட முகம் நினைவிருக்கிறது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பதும் இப்போது நினைவு வருகிறது. அவர் பார்வை கொஞ்சம் கீழே இருந்தது.

மே 10

அவர் என் கையைப் பார்த்தார். பார்த்தார். ஒலிப்பதிவுக்குக் கண் கிடையாது. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் —

மே 11

அக்கா கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூப்பிடுவாள். "குரல் ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து வருது?" என்றாள். சளி என்றேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது? "கையைத்தானே தொட்டே, கழுத்தையா நெரிச்சே?" என்பாள்.

உண்மையிலேயே பெரியவர் கைதான் உடைந்தது என்றாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார். அதே வார்த்தைகளில். என் கையைப் பார்த்ததனால் ஒரு உண்மை பொய்யாகிவிடாது. ஆனால் அது உண்மை என்று எனக்கு இனி எப்படித் தெரியும்?

எலும்புகள் பேசும் என்று நான் படித்த அத்தனை புத்தகங்களிலும் எழுதியிருக்கிறது. பேசுவதில்லை. பக்கத்தில் நிற்பவர் பேசுவதை மறுக்காமல் கிடக்கும், அவ்வளவுதான்.

நான் சொன்னால் அந்த ஆள் பெயரில்லாமல் அலமாரிக்குப் போவார். மருமகள் மறுபடி பெஞ்சில் உட்காருவார். சொல்லாவிட்டால், ஒருவேளை, தம்பி அண்ணனின் பெயரைப் போர்த்திக்கொண்டு மண்ணுக்குள் போவார். தம்பியை வெளியே தேடிக்கொண்டே இருப்போம். வீட்டில் இருப்பவரை.

யாரோ என் பின்னால் நிற்கிறார். பேய் பிசாசு எல்லாம் இல்லை, எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பட்டப்பகலில், அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கும்போது, முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். திரும்ப முடியவில்லை. திரும்பினால் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?

மே 14

சொல்லிவிட்டேன்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும் மேடம்."

"அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

பெயர் அட்டையை அவரே எடுத்தார். இனி நான் யாரிடமும் கேள்வி கேட்கக் கூடாது. மருமகளை அவர் திரும்ப அழைத்துப் பேசுவார். "அந்த மருமக கிட்ட அவங்க வீட்டுக்காரரைப் பத்தி மட்டும்தான் கேட்டிருக்க. ஏன்?" என்றார். ஏன்? மனைவியிடம் கணவனைப் பற்றிக் கேட்கத்தான் தோன்றியது. அதே வீட்டில் இன்னொருவரும் இருந்தார் என்பது தோன்றவில்லை.

மே 29

ஒரு மாதிரியான நாட்கள். பேருந்துக் கம்பியைப் பிடித்திருக்கும் கைகள், சில்லறைக்காக நீட்டப்படும் கைகள், எல்லாம் வானம் பார்த்துத் திரும்புகின்றன. எவ்வளவு சுலபமாகத் திரும்புகின்றன. மூன்றாம் மேசையைக் கடக்கும்போது குனிந்துகொண்டு போகிறேன். படக்காரர் ஒன்றும் கேட்பதில்லை. கை விஷயத்தை அவரிடம் யாரோ சொல்லியிருக்கவேண்டும். "என் வாயைத் தைக்கணும்" என்று ஒரு முறை தானாகச் சொன்னார்.

ஜூன் 3

மருமகள் தனியாக வந்தார். "அத்தை அன்னைலேர்ந்து சரியா பேசறதே இல்ல. என்ன கேட்டீங்கன்னு கேட்டா, பழசுதான்னுட்டாங்க."

பெரிய டாக்டர் எதிரே உட்கார்ந்தார். நான் மூலையில், கருவியருகே. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

உடம்பைப் பற்றி டாக்டர் எதுவும் கேட்கவில்லை. "நீங்க கல்யாணமாகி வந்தப்போ அந்த வீட்ல ஒரு நாள் எப்படிப் போகும்? காலையிலேர்ந்து சொல்லுங்க. எல்லாரையும் பத்திச் சொல்லுங்க."

அவ்வளவுதான் கேட்டார். ஒருவரும் அதுவரை மருமகளிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. மடை திறந்த மாதிரி வந்தது. மாமியார் முதலில் எழுவது, கணவர் எழுந்ததும் யாரிடமாவது கோபித்துக்கொள்வது, பின்பக்கத்து அடிபம்பு.

"நான்தான் பம்பு அடிக்கணும். அவரு ரெண்டு கையையும் சேத்து ஏந்திக் குடிப்பாரு, ஒரு சொட்டு சிந்தாது. என் கொழுந்தன் இருக்கானே, அவனுக்கு இடது கை திரும்பாது. இப்படிச் சாய்ஞ்சே இருக்கும். ஏந்தினா தண்ணி மொத்தமும் சட்டையிலதான். 'டேய் வடிகட்டி, போய் டம்ளரை எடுத்துட்டு வாடா'ன்னு கத்துவேன். 'அண்ணி, நீங்க அடிக்கிற அடிக்கு டம்ளரே உடைஞ்சிடும்'பான். வேணும்னே கையை உதறி என் மேல தெளிப்பான். வீடு முழுக்க அவனுக்கு வடிகட்டிதான் பேரு…"

சிரித்துக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெரிய டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

"ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?" என்றார். இன்னும் சிரிப்பு போகவில்லை.

ஜூன் 4

நேற்று மேலே எழுத முடியவில்லை.

பெரிய டாக்டர் அவரை மூன்றாம் மேசைக்கு அழைத்துப் போய், எலும்பைக் காட்டி, சொன்னார். மருமகள் நின்றுகொண்டே கேட்டார். "அப்போ… இது வடிகட்டியா?" என்று என்னைக் கேட்டார். நான் தலையசைத்தேன்.

"அவனுக்காக நான் ஒரு நாள்கூட அழுததில்லையே. இருந்ததை எல்லாம் அவருக்கே அழுதுட்டேனே."

இன்று அந்தப் பழைய பதிவை மறுபடி கேட்டேன். மே 6. என் கேள்வி. பிறகு அந்த மௌனம். நினைவைத் தோண்டுகிறார் என்று நினைத்திருந்தேன். தோண்ட என்ன இருக்கிறது? உடைந்த கை எந்த மகனுடையது என்று ஒரு தாய்க்கு மறந்தா போகும்?

நான் என் கையைத் தொட்ட அந்தக் கணத்தில், சின்ன மகன் இறந்த செய்தியை அவருக்குச் சொல்லிவிட்டேன். சொல்கிறேன் என்று தெரியாமலே. அவர் கத்தவில்லை. மின்விசிறி சுற்றுகிறது, எங்கோ ஒரு கதவு சாத்தப்படுகிறது. அந்த இடைவெளியில் அவர் மகனைப் பெற்றுக்கொண்டு, அதே மூச்சில் எடுத்துக் கொடுத்தும் விட்டார். "பெரியவனுக்குத்தான்."

எதற்காக?

நான் அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றிக் கொடுக்கவில்லை. சொம்பு பக்கத்திலேயே இருந்தது.

ஜூன் 12

அவர்கள் வீட்டுக்குப் போனோம். இரண்டு அறை. வாசலருகே குழந்தைகள் தவறவிட்ட குடைகள், தண்ணீர்ப் பாட்டில்கள். பேருந்தில் கிடப்பதை எல்லாம் மருமகள் எடுத்துவந்து உரியவர்களிடம் சேர்ப்பாராம். பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். பம்பு இப்போதும் இருக்கிறது.

பெரிய டாக்டர் மெதுவாகச் சொல்லி முடித்தார். தாய் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"இவ எவ்ளோ நாளைக்கு என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருப்பா? பெரியவன் வந்தா இவ எந்திரிச்சுப் போகலாம். சின்னவன் வந்தா யாரு போக முடியும்?"

மருமகள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அத்தை… அதுக்காக அவனை யாருமில்லாதவனாக்கப் பாத்தீங்களா? அவன் உங்க செல்லமாச்சே!"

"அவன் கோவிச்சுக்க மாட்டான்டி. எது கேட்டாலும் அண்ணனுக்குன்னா குடுத்துடுவான். பேரைக் கேட்டா மட்டும் தரமாட்டானா?"

அதற்குமேல் அங்கே எங்களுக்கு வேலை இல்லை. மருமகள் தரையில் உட்கார்ந்து அவர் மடியில் முகத்தைப் புதைத்ததை, செருப்பு மாட்டும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஜூலை 8

ஒப்படைப்பு. காலையில் பெட்டியை மூடும் முன் படக்காரர் கடைசிப் படத்தை எடுத்தார். சிரிக்கச் சொல்லவில்லை. "போய்ட்டு வாங்க சார்" என்றார்.

தாயும் மருமகளும் வேனில் வந்தார்கள். ஓட்டி வந்தவர் நரைத்த மீசையும் மடித்த சட்டைக் கையுமாக வேனுக்குப் பக்கத்திலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. பெற்றுக்கொள்பவருக்கு என்ன உறவு என்று கேட்டபோது மருமகள் சத்தமாக, "அண்ணி" என்றார். கூடம் முழுக்கக் கேட்டது.

தாய் பெட்டியைத் தொடவில்லை. என்னருகே வந்து என் இடது கையைப் பிடித்தார். முட்டிக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார்.

"இங்கதானே?"

"ஆமாம்மா."

"கோணலா ஒட்டிக்கிச்சு, திரும்ப உடைச்சுத்தான் கட்டணும்னாங்க. பிள்ளை கத்துவானேன்னு நான்தான் வேணாம்னுட்டேன். வாழ்நாள் பூரா அதை நினைச்சு…"

இந்த வேலையில் நாங்கள் ஆறுதல் சொல்லக் கூடாது. தெரிந்ததை மட்டும் சொல்லவேண்டும். தெரிந்ததையே சொன்னேன். "நீங்க வேணாம்னு விட்டதாலதான் அம்மா அவரை எங்களால கண்டுபிடிக்க முடிஞ்சது. நேராக் கட்டியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் விரலை எடுக்கவில்லை. வேன் கிளம்பி வளைவில் மறைந்த பிறகும் அந்த இடத்தில் அவர் விரல் இருந்தது.

ஆகஸ்ட் 2

முதுகுக்குப் பின்னால் நிற்பவர் போகவில்லை. ஆள் மாறியிருக்கிறார். இப்போது பெயர் தெரியும். இன்னும் கிடைக்காத அண்ணன், கோபக்காரர்.

நவம்பர் 19

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "டாக்டரம்மா, நான்தான், வடிகட்டியோட அண்ணி."

வீடு மாறிவிட்டார்களாம். பின்னணியில் ஒரு பெரிய வண்டியின் ஹாரன். யாரோ யாரையோ அதட்டும் குரல்.

"அத்தையும் எங்ககூடதான் இருக்காங்க. வரமாட்டேன்னு ரெண்டு நாள் அடம். 'நீங்க வரலன்னா நான் எப்படிப் போறது, என்னைப் போகச் சொன்னதே நீங்கதானே'ன்னேன். இப்போ டிரைவர் அவங்களுக்குப் பயந்து நடுங்கறாரு. பஸ்ஸையே அவங்களைக் கேட்டுத்தான் எடுக்கறாரு."

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு குரல் தணிந்தது.

"அவரு கிடைச்சா இந்த நம்பருக்குச் சொல்லுங்க. இவரு எடுத்தாலும் சொல்லலாம். இவருக்கு எல்லாம் தெரியும். 'அவர் வந்தா நானே வேனை எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வரேன்'னு சொல்லியிருக்காரு."

எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஆற்றங்கரையில் மழைக்குப் பிறகு மறுபடி தோண்டத் தொடங்குகிறார்கள். மூன்றாம் மேசை துடைத்துக் காலியாக இருக்கிறது.

கை கழுவப் போனேன். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினேன். தண்ணீர் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"குடிக்கவா, சும்மா பாக்கவா?" என்றார் படக்காரர், பின்னாலிருந்து.

இந்த முறை திரும்பிப் பார்த்தேன்.